காய் என்றால் என்ன

அருள்பாண்டிக்கு நாய் மாதிரி குரைக்க வரும், ரயில் மாதிரி கூவ வரும், ஏழு வகைத் தும்மல் வரும். ழகரம் மட்டும் வராது. பிறந்த ஊர் எழுமலை. அந்த ஊரில் யாருக்குமே அது வராது என்பதால், இப்படி ஒரு குறை தனக்கு இருப்பதே அவனுக்கு வெகுகாலம் தெரியவில்லை. 'எளுமலை' என்றுதான் ஊரே சொல்லும். கண்டக்டரும் அப்படித்தான் கூவுவார், பஸ்ஸும் வழி தவறாமல் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் என்ன கேடு?

வார நாளெல்லாம் மதுரை காளவாசலில் ஒரு டயர் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மிமிக்ரி கலைஞன். கூட்டாளி ஹரிஷ்குமார், கல்லூரித் தோழன், முனிச்சாலைப் பக்கத்துச் சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை. பகலில் சுங்குடிச் சேலை விற்கிறவன். மேடைக்கு வந்தால் இருவரும் ஒரே மைக்கைப் பிடித்துக்கொண்டு அடித்துக்கொள்வார்கள். தொண்ணூற்றொன்பதில் அவர்களுடைய கேசட் ஒன்று வந்து, மதுரைக்கு மேற்கே ஓடுகிற மினி பஸ்களில் எல்லாம் சினிமாப் பாட்டை இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டது.

அதில் இரண்டு ஐட்டங்கள்தான் உயிர். ஒன்று, ஹரிஷ் செய்யும் 'மீசை மாமா'. மதுரைக்கு மேற்கத்திச் சீமைக்காரர். எதற்கெடுத்தாலும் அருவாளைத் தேடுவார். வீட்டில் மின்சாரம் போய், யாரோ 'கரண்டு கட்டு' என்றதும் துள்ளி எழுவார். "எங்க ஊர்ல என்னையக் கேக்காம வெட்டுனவன் எவன்டா?" இன்னொன்று, அருள்பாண்டி செய்யும் 'ராஜகுரு மாமா'. சௌராஷ்டிரா வீட்டுக்காரர். "மளை வந்தான், குடை காணாமப் போனாள்" என்று பேசுவார். காது கொஞ்சம் மந்தம். எதைச் சொன்னாலும் "காய்?" என்பார். அவர்கள் மொழியில் காய் என்றால் 'என்ன' என்று அர்த்தம். அது தெரியாத ஒரு காய்கறிக்காரன் அவரிடம் மாட்டிக்கொள்வான்.

"என்ன சாமி வேணும்?"

"காய்?"

"காய்தான் இருக்கு. எந்தக் காய்?"

"காய்?"

"அதத்தான்யா கேக்குறேன், எந்தக் காய்?"

இப்படியே நாலு நிமிஷம் போய், கடைசியில் அவன் தள்ளுவண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடிப்போவான்.

ஆளை மாற்றிக்கொள்ளும் இந்த யோசனை அருள்பாண்டியுடையது. "மாப்ள, அவனவன் ஆளை அவனவன் கிண்டல் பண்ணா அது பொலம்பல். ஒருத்தன் மட்டும் அடுத்தவன் ஆளைப் பண்ணா அது சண்டை. ரெண்டு பேரும் மாத்திப் பண்ணிக்கிட்டம்னா எவன் கேக்க முடியும்?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று அவன் சபையில் சொல்ல மாட்டான். இரண்டு சரக்கும் அவன் கொண்டுவந்ததுதான். மீசை மாமா வேறு யாருமில்லை, அவனுடைய சொந்தத் தாய்மாமன் வெள்ளைத்துரை. ராஜகுரு மாமா என்பது ஹரிஷின் அம்மா சூடாமணிக்கு வேட்டி கட்டிவிட்டது.

சௌராஷ்டிரா வீடுகளில் எல்லோரும் அப்படியா பேசுகிறார்கள்? ஹரிஷ் பேசினால் தல்லாகுளத்தில் பிறந்து வளர்ந்தவன் தோற்றுப்போவான். சூடாமணி மட்டும்தான் அப்படி. பரமக்குடியில், தமிழ் வாசல்படி தாண்டாத ஒரு வீட்டில் வளர்ந்து பத்தொன்பது வயதில் மதுரைக்கு வாக்கப்பட்டவள். அவள் தமிழில் மழை ஆணாகிவிடும், பஸ் பெண்ணாகிவிடும். ஆனால் ழகரம் மட்டும் பத்தரைமாற்று. பக்கத்து வீட்டுத் தமிழ் டீச்சர் ஒரு சீப்பு வாழைப்பழத்தை முன்னால் வைத்து, சொன்னால்தான் பழம் என்று பழக்கிய நாக்கு அது. அதே வைத்தியத்தை அவள் அருள்பாண்டிக்கும் செய்து பார்த்தாள். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அவோ, அவோ பாண்டி!" என்று உள்ளேயிருந்து வரவேற்கும் குரல் வரும். சாப்பாடு முடிந்ததும் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

"வாழைப்பழம். சொல்லு, அப்புறம் தின்னு."

"வாளப்பளம்."

"காய்?"

"வாளப்பளம்மா!"

தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பழத்தைக் கொடுத்துவிடுவாள். ஆறு வருஷமாக இது நடந்தது. பழம் தின்றானே தவிர ழகரம் தின்னவில்லை. இந்த வீட்டுச் சோற்றிலிருந்துதான் ராஜகுரு மாமாவைப் பிசைந்து எடுத்தான். முதன்முதலாகக் கேட்டபோது ஹரிஷ் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்து, "எங்கம்மா காதுக்கு மட்டும் போக வேணாம் மாப்ள" என்றான். கேசட் அந்த வீட்டு வாசல்படி ஏறவில்லை.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வெள்ளைத்துரையின் பேரனுக்குக் காதுகுத்து வைத்தார்கள்.

வெள்ளைத்துரையின் இளைய மகள் கனகலட்சுமி. அருள்பாண்டிக்கு முறைப்பெண். அவளுக்கும் அவனுக்கும் சம்மதம்தான், வெள்ளைத்துரைக்குத்தான் இல்லை. "நாய் மாதிரி கொலைக்கிறவனுக்குப் பொண்ணு குடுத்தேன்னு நாளைக்கி ஊரு சொல்லுமா சொல்லாதா?" என்று தன் தங்கை, அருள்பாண்டியின் அம்மா அழகம்மாளிடமே கேட்டவர். ஆனால் காதுகுத்துக்கு ஆட்டம்பாட்டம் வேண்டுமே. மருமகனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"டேய், ஒன் கச்சேரியக் கொண்டாந்து வையி. எளுமலைக் கூட்டம் சிரிச்சுச்சுன்னா கனகத்தத் தாரேன். சிரிக்கல, டயர் கடையிலயே கெட."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் வாழ்க்கையைத் தராசில் வைக்க முடியாது. அருள்பாண்டி சரியென்று தலையாட்டினான். அவனுக்குத் தெரியாதது, அழகம்மாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு பஸ் ஏறி மதுரைக்குப் போய்விட்டாள் என்பது. "எம் புள்ளைக்கு ஆறு வருசமாச் சோறு போட்ட மகராசி, நீங்க வராம ஒரு காதுகுத்தா?" என்று சூடாமணியிடம் சொல்லி, கையோடு வாக்கும் வாங்கிவிட்டாள்.

காது குத்தி, பிள்ளை அழுது, முதல் பந்தி போட்டார்கள். சௌராஷ்டிரா வீட்டுக்காரர்கள் என்றால் அந்த ஊருக்கு ஐயர்தான். வெள்ளைத்துரை மீசையைத் தடவிக்கொண்டு கத்தினார். "மதுரையில இருந்து ஐயரு வீட்டம்மா வந்திருக்காக! அவுகளுக்குத் தனி அடுப்பு, தனி எலை! அம்மாவுக்குக் காய் வையிங்கடா!"

பந்திச் சத்தத்தில் அந்தக் கடைசிச் சொல் தவிர வேறு எதுவும் காதில் விழாத சூடாமணி, "காய்?" என்றாள்.

"ஆமாம்மா, காய்தான். வேறொண்ணும் கலக்கல" என்றார் வெள்ளைத்துரை.

"காய்?"

"பீன்ஸும்மா, சுத்தமான காய்!"

கரண்டியோடு நின்ற அருள்பாண்டிக்கு முதுகில் வேர்த்துக் கொட்டியது. தன் ஐட்டம் தன் கண் முன்னாலேயே, டிக்கெட் இல்லாமல், நடந்துகொண்டிருந்தது. சூடாமணி தன் இலையிலிருந்த பீன்ஸையும் எதிர்ப் பந்தியில் விழுந்த ஆட்டுக்கறியையும் மாறி மாறிப் பார்த்தாள். மகனிடம் மெதுவாகக் கேட்டாள், "ஞாயித்துக்கிழமை நம்ம வீட்ல ஆடு வரான்ல, அத இவங்ககிட்ட யாரும் சொல்லலியா?" யாரும் சொல்லவில்லை. வெள்ளைத்துரையின் மரியாதைக்கு முன்னால் அவள் பீன்ஸைத் தின்று முடித்தாள்.

பிறகு மேடை. முன்வரிசையில் வெள்ளைத்துரை, அவர் பக்கத்தில் பங்காளி காசிமாயன். இந்தப் பக்கம் கனகலட்சுமி, அவளுக்கு அடுத்த நாற்காலியில் சூடாமணி. அசல் இரண்டும் எதிரே உட்கார்ந்திருக்க நகல் எடுப்பது எப்படி? இரண்டு ஐட்டத்தையும் தொடுவதில்லை என்று கூட்டாளிகள் முடிவுசெய்துகொண்டு ஏறினார்கள். அருள்பாண்டி குரைத்தான். ரயில் விட்டான். ஏழு தும்மலும் தும்மினான்.

"நாயி எங்க வீட்லயே கெடக்குப்பா!" என்றது ஒரு குரல். கூட்டம் கொட்டாவி விட்டது. கனகலட்சுமி தாவணி முனையைத் திருக ஆரம்பித்தாள்.

வெள்ளைத்துரை எழுந்தார். "யாரு காதுல பூச் சுத்துறீக? மினி பஸ்ஸுல வருதுல்ல, அந்த மீசைக்காரன், அதப் போடுங்கப்பா!"

ஹரிஷுக்கு வேறு வழியில்லை. மீசையை முறுக்கினான். "எங்க ஊர்ல என்னையக் கேக்காம வெட்டுனவன் எவன்டா?" என்றதும் பந்தல் பிய்த்துக்கொண்டு போனது. அதிலும் அதிகமாகச் சிரித்தவர் வெள்ளைத்துரைதான். பக்கத்திலிருந்த காசிமாயனின் தொடையில் ஓங்கி அடித்து, "ஒன்னையத்தான்யா சொல்றான், அச்சு அசலு ஒன்னைய!" என்றார். காசிமாயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது யாரென்று தனக்குத் தெரியாதா என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

தப்பித்தோம் என்று ஹரிஷ் மூச்சு விடுவதற்குள் கூட்டம் அடுத்ததைக் கேட்டது. "ராசகுரு மாமா! காய்க்காரன்!"

ஹரிஷ் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். வெள்ளைத்துரை, "என்ன மாப்ள, சரக்குத் தீந்துபோச்சா?" என்றார். கனகலட்சுமி அவனையே பார்த்தாள். அருள்பாண்டி கணக்குப் போட்டான். ராஜகுரு ஆம்பளை, அம்மா பொம்பளை. அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது? ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், அவனுடையது நன்றியும் அறியவில்லை. மைக்கை வாங்கினான்.

மழை வந்தான். குடை போனாள். காய்க்காரன் ஓடினான். எழுமலை உருண்டது. அருள்பாண்டி ஓரக்கண்ணால் பார்த்தான். சூடாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு மலையை இறக்கி வைத்தது போல இருந்தது. வெள்ளைத்துரை மேடைக்கே ஏறி வந்து, "கனகம் ஒனக்குத்தான்டா!" என்று தோளில் ஒரு அறை விட்டார். தோள் ரெண்டு நாளைக்கு வலித்தது.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டார். சாதாரணமாக என்றால் சூடாமணி அவருடைய குழந்தை குட்டி வரைக்கும் விசாரித்துவிடுவாள். அன்றைக்கு மகனைக் கை காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அலைச்சல் என்று நினைத்துக்கொண்டான் அருள்பாண்டி. மாப்பிள்ளை ஆகப்போகிறவனுக்கு மற்றவர்கள் முகம் எங்கே தெரியும்?

அடுத்த வாரம் முனிச்சாலைக்குப் போனான். செருப்பைக் கழற்றினான். உள்ளேயிருந்து குரல் வரவில்லை. சூடாமணி நிலைப்படிக்கு வந்து நின்றாள்.

"வாங்க. உட்காருங்க. ஹரிஷ் வெளியே சென்றிருக்கிறார். விரைவில் வந்துவிடுவார்."

ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்கள் தோற்றார்கள். டீச்சர் பழக்கிய பாடப்புத்தகத் தமிழ், ஒரு பிழை இல்லை. "என்னம்மா, என்னையப் போயி வாங்க போங்கன்னுட்டு…" என்றான் அருள்பாண்டி. அவள் ஒரு தட்டில் வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தாள். சொல்லச் சொல்லவில்லை. வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பழத்தை அவனால் தின்ன முடியவில்லை. கையில் வைத்துக்கொண்டே தெருமுனை வரை நடந்து ஒரு மாட்டுக்குக் கொடுத்தான்.

"வீட்டுக்குள்ள தமிழே பேசுறதில்ல மாப்ள" என்றான் ஹரிஷ். "வெளிய போனா வெரலக் காட்டித்தான் சாமான் வாங்குது. எனக்கே பயமா இருக்கு."

கல்யாண வேலையாக எழுமலைக்குப் போனபோது அருள்பாண்டி மாமனிடம் உண்மையைப் போட்டு உடைத்தான். சூடு பட்ட பூனை, எதையும் மறைக்கத் தைரியமில்லை. "மாமா, அந்த மீசைக்காரன் நீங்கதான். நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

வெள்ளைத்துரை வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார். "தெரியாமயாடா இருக்கேன்? மொத நா மினி பஸ்ஸுல கேட்டப்பவே தெரியும். அதக் கேட்டதுல இருந்து வரப்புத் தகராறுன்னு ஒரு பய எங்கிட்ட வாரதில்ல. நான் கோளியக்கூட வெட்டுனதில்லன்னு ஒங்கத்தைக்கு மட்டுந்தான் தெரியும். நீ பாட்டுக்குச் சொல்லு."

அட, மாமனுக்கு அந்தக் கேசட்டால் ஒரு முழம் உயரம் கூடியிருந்தது. அப்படியானால் அம்மாவுக்கு மட்டும் ஏன்? இதை யோசித்துக்கொண்டே பத்திரிகையும் தட்டுமாக முனிச்சாலைக்கு வந்தான்.

"மிக்க மகிழ்ச்சி. அவசியம் வருகிறோம்" என்றாள் சூடாமணி.

அவன் தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அம்மா, ஏசிருங்க. ரெண்டு அடிகூட அடிச்சிருங்க. இந்த வருகிறோம் மட்டும் வேணாம். ஒங்கள வச்சுத்தான் பண்ணேன், தப்புதான். ஆனா அன்னைக்கி நீங்களும் சிரிச்சீகளே?"

"சிரிச்சேன்." அவள் குரல் உடைந்தது. கூடவே அந்த நல்ல தமிழும் உடைந்தது. "எல்லாரும் சிரிக்கிறான். நான் மட்டும் சிரிக்கலைன்னா அது நான்தான்னு தெரிஞ்சுபோயிரும்ல? அதான் சிரிச்சேன்."

அருள்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"நம்ம தெரு காய்க்காரன் இருக்கான்ல? இருபத்தஞ்சு வருஷமா எனக்குக் காய் போடுறான். காதுகுத்து முடிஞ்ச மறுநாள் அவன் என்னமோ விலை சொன்னான், எனக்குக் கேக்கல. காய்ன்னேன். அவன் சிரிக்கிறான். 'அம்மா, நீங்க அந்தக் கேசட்ல வர்ற ஆள் மாதிரியே பேசுறீங்க'ங்கிறான். நான் அந்தக் கேசட் மாதிரி பேசுறேனா பாண்டி? கேசட் என்னை மாதிரி பேசுறாளா?"

மாமனைப் பார்த்துச் சிரித்தவன் வழிவிட்டு ஒதுங்குகிறான். அம்மாவைப் பார்த்துச் சிரித்தவன் அவள் வாய் திறக்கும் முன்பே சிரிக்கத் தயாராகிறான். இது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது, உறைத்ததும் அழுகை வந்தது.

"இனிமே அந்த ஐட்டத்தத் தொட மாட்டேன்மா. சத்தியமா."

சூடாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சநேரம் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "கல்யாணத்துல மைக் இருப்பானா?"

"இருக்கும்மா."

"எனக்கு வேணும்."

என்ன செய்யப்போகிறாள் என்று அவள் மகனுக்கும் தெரியவில்லை. கேட்கவும் இருவருக்கும் தைரியமில்லை.

எழுமலையில் கல்யாணம். தாலி கட்டியாயிற்று. மாலையும் கழுத்துமாக அருள்பாண்டி மேடையில் உட்கார்ந்திருக்க, சூடாமணி பட்டுச்சேலை சரசரக்க ஏறி வந்து மைக்கைப் பிடித்தாள். அதைத் தட்டிப் பார்த்தாள். "நான் ராஜகுரு மாமாவோட சம்சாரம்" என்றாள்.

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. வெள்ளைத்துரை, "ஐயரு வீட்டம்மா பேசட்டும், சத்தம் போடாதீக!" என்று அதட்டினார்.

"மொதல்ல ஒண்ணு. நான் கறி தின்பேன். போன தடவை பீன்ஸ் போட்டு அனுப்பிட்டீங்க." பந்தல் ஆடியது. "இந்த மாப்பிள்ளை மொதல்ல என் வீட்டுக்கு வந்தப்ப வேலை இன்டர்வியூவுக்குப் போகணும். என் வீட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னு முப்பது தடவை சொல்றான்." நெஞ்சை நிமிர்த்தி, அருள்பாண்டியின் கட்டைக் குரலை அப்படியே எடுத்தாள். "ஐயாம் கம்மிங் ஃப்ரம் எளுமலை!"

யாரும் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஊர் பேர் அதுதானே.

சூடாமணி கூட்டத்தைப் பார்த்தாள். "நீங்கள்லாம் எந்த ஊர்?"

"எளுமலை!" என்றது கூட்டம்.

அவள் காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். "காய்?"

"எளுமலை!"

"காய்?"

"எளுமலைம்மா! எளுமலை!" தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"எந்தக் காய்?" என்றாள் சூடாமணி. "எனக்கு எழுமலைதான் தெரியும். எளுமலைன்னா காய்?"

மணப்பெண்தான் முதலில் சிரித்தாள். உசிலம்பட்டியில் டைப்ரைட்டிங் படித்தவள், ழ எந்தச் சாவி என்று விரலுக்குத் தெரியும். மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பு ஹரிஷுக்குத் தொற்றி, முன்வரிசைக்குத் தொற்றியது. அப்போது வெள்ளைத்துரை எழுந்தார். முகம் சிவந்திருந்தது. அருவாளைச் சொன்னபோது தொடையில் அடித்துச் சிரித்தவர், இந்த ஒரு எழுத்துக்கு வேட்டியை மடித்துக் கட்டினார். பந்தல் அடங்கியது.

"ஏன், எங்களுக்கு வராதாக்கும்?" என்றார். "எலு… எள்ளு… ஏய், எளு…"

"பங்காளி, எள்ளு இல்லையாம், வேற தானியமாம்!" என்றார் காசிமாயன்.

ஊரே விழுந்து புரண்டது. வெள்ளைத்துரை நின்றவாறே இன்னும் இரண்டு முறை முயன்றார். அருள்பாண்டிக்குக் காது சுட்டது. பிறந்த ஊரின் பெயர் வாய்க்குள்ளேயே கிடந்து உறுத்தியது. இத்தனை வருஷமும் ஊர் ஊராக இதைத் தப்பாகச் சொல்லிக்கொண்டுதான் மேடை ஏறினேனா? நிமிர்ந்து பார்த்தான். முந்நூறு பேரும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சிரித்தான். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அந்தச் சிரிப்பை எங்கே பார்த்தோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

சூடாமணி மைக்கை வைத்துவிட்டு, தாம்பாளத்திலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு அவனிடம் வந்தாள். குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"காய் பாண்டி? நல்லா சிரிச்சியா?"

"சிரிச்சேம்மா" என்றான். "அந்த ஐட்டத்த இனிமே எங்கயும் போட மாட்டேன்."

"போடு. நான் முன்னாடி உட்கார்ந்திருக்கிற ஊர்ல மட்டும் போடு. நான் இல்லாத ஊர்ல போட்டா எனக்கு மைக் யாரு குடுப்பான்?"

பழத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சொல்லு, அப்புறம் தின்னு."

அருள்பாண்டி நாக்கை மடித்தான், சுருட்டினான், மேலே தொட்டுப் பார்த்தான். பக்கத்திலிருந்து கனகலட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"வாளப்பளம்" என்றான்.

சூடாமணி தலையில் ஒரு தட்டுத் தட்டிப் பழத்தை அவன் கையில் வைத்தாள்.